எட்டுப் பேர் லிஃப்டில் பன்னிரண்டு பேர்

மதிப்பிற்குரிய உலக வரலாற்று ஆசிரியை அவர்களுக்கு, மாலைப் பள்ளியின் கடைசி பெஞ்சு மாணவனும் உங்கள் தாய்மாமனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. வகுப்பில் ‘நீங்கள்’, வீட்டில் ‘நீ’ என்று பழகிவிட்டதால் இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள். இங்கே நான் நலம். அத்தையும் நலம், ஆனால் என்னோடு பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு நான் வராத காரணம் இது. எங்கள் ஆஸ்பத்திரியின் பொது லிஃப்ட் பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. நான் ஓட்டுவது தனி வார்டு லிஃப்ட். அதில் கண்ணாடியும் கம்பளமும் உண்டு, டாக்டர்களும் தனி வார்டுக்காரர்களும் மட்டும்தான் ஏறலாம். பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்தவன் நான். புதன்கிழமை நீ பாடம் நடத்தும்போது, “எந்த ராஜாவும் தானே வந்து யாரையும் தடுக்கிறதில்லை, அதுக்குன்னு வாசல்ல ஒரு ஆள் நிப்பான்” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினாய். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் குனிந்து என் காக்கிச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்துவிட்டேன். காலில் கட்டுப் போட்டவர், அவரைத் தாங்கிப் பிடித்த மகன், துணி மூட்டையோடு சலவைக்கார அம்மா, டீ கேனோடு கேன்டீன்காரர், எந்த மாடிக்குப் போகவேண்டும் என்றே தெரியாத ஒரு குடும்பம் என்று எல்லோரையும் “வாங்க, வாங்க” என்று கல்யாண வீடு மாதிரி ஏற்றினேன். கடைசியாகத் தலைமை டாக்டரும் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. தலைமை டாக்டர் மூட்டைக்கும் கேனுக்கும் இடையில், தூக்கிய கையை இறக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம் சும்மா நிற்பானேன் என்று நான் பிரெஞ்சுப் புரட்சியை ஆரம்பித்தேன். சலவைக்கார அம்மா, “அப்புறம் அந்த ராஜாவை என்ன பண்ணாங்க?” என்று கேட்டார். சொன்னேன். தலைமை டாக்டருக்கு அப்போதுதான் வியர்க்க ஆரம்பித்தது. வெளியே வந்ததும் மெமோ கொடுத்தார், நான் அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தை, “ரெண்டு பொண்ணை வச்சுக்கிட்டுப் புரட்சி பண்ற வயசா இது?” என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

நீ சிரிப்பாய். அவளிடம்கூடச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டும். அதற்கு முந்தின திங்கட்கிழமை ஒருவர் மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, “நாலாவது மாடிண்ணே, இவளுக்கு ரொம்ப மூச்சு வாங்குது” என்றார். லிஃப்ட் காலியாகத்தான் இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து தேர்வுக்கு ரோமாபுரி அடிமைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பட்ட பாட்டைப் படித்து என் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணோடுதான் படிக்கட்டைக் கை காட்டினேன். அந்த அம்மா மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை. “எப்படியும் பிழைச்சிருக்க மாட்டாங்க” என்று நர்ஸ் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை, பாப்பா. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை.

எத்தனை படி ஏறினாலும் மூச்சு வாங்காத ஆயுசோடு நீ இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
மாமா.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டேன். அத்தை சீருடையைத் துவைத்துத் தேய்த்து வைத்திருந்தாள். காலையிலிருந்து மூன்று பேர் வந்து கேட்டார்கள். மூன்று பேரிடமும், முகத்தைப் பார்க்காமல், படி அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டேன்.