துடைப்பமும் கார்புரேட்டரும்

சனிக்கிழமைக்குள் வண்டி ஓடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அது இருமத் தொடங்கிவிட்டது.

அவுலிஸ் விறகுக் கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிக்கரை உதைத்தால் கிளம்புகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கரும்புகையைக் கக்கிவிட்டு அடங்கிவிடுகிறது. கிழட்டு மோட்டார்சைக்கிள்தான், ஆனாலும் மானத்தை வாங்குவதற்கு இந்த வாரமா கிடைத்தது?

அன்று காலை ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் ராய்லியிடம் பேசியிருந்தார். நடமாடும் நூலக வண்டியில் புத்தகம் கொடுக்கும் பெண்மணி. அவரிடம் பேச அவுலிஸ் மூன்று வருஷமாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“சனிக்கிழமை ஏரிக்கரை மண்டபத்துல டான்ஸ் இருக்கு.”

“ஆமா, இருக்கு.”

“எங்கிட்ட வண்டி இருக்கு.”

“ஓடுமா?”

“ஓடும்.”

எங்கள் ஹர்யுலா கிராமத்தில் இது கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் காது இருந்தது. மண்டபத்துக்கு பஸ் கிடையாது. இந்தச் சனிக்கிழமை கைவிட்டுப் போனால் அவுலிஸ் மறுபடி வாயைத் திறக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். அதற்குள் இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அடுப்புக் கரி மாதிரி கறுத்திருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. கார்புரேட்டரில் காற்றுத் திருகை ஒரு நூல் வெளியே திருப்பினார். பாதையில் ஒரு சுற்று ஓட்டினார். வண்டி வெண்ணெயாக ஓடியது. பக்கத்து வீட்டு ஏவெர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே யோசனை சொல்ல மாட்டார்கள். சொன்னால், ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ என்று சொன்னதாகிவிடும்.

அவுலிஸுக்கு ஏரியில் படகு வேலை. கார்களையும் ஆட்களையும் அக்கரை சேர்க்க வேண்டும். திங்கள் காலை வழக்கம்போலத் துடைப்பத்தை வாசற்கதவில் சாய்த்துவிட்டுக் கிளம்பினார். துடைப்பம் சாய்ந்திருந்தால் வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். பூட்டுப் போடும் வழக்கம் கிடையாது. போட்டால் அக்கம்பக்கத்தாரைத் திருடர் என்று சொன்ன மாதிரி.

சாயங்காலம் வந்து கிக்கரை உதைத்தார். பழைய குருடி கதவைத் திறடி. இல்லை, இது புதுக் குருடி. இப்போது புகையே இல்லை. முறுக்கினால் கார்புரேட்டர் வழியாகப் படார் படார் என்று தும்முகிறது. பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெட்ரோல் போதவில்லை. ‘நேத்து நாமதான் அதிகமா திருப்பிட்டோம் போல’ என்று தன்னையே திட்டிக்கொண்டு திருகைக் கொஞ்சம் உள்ளே திருப்பினார். ஓடியது.

செவ்வாய்க்கிழமை கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவை எக்கச்சக்கமாக உயர்ந்து நின்றது. அதைத் தொட்டதாக அவருக்கு ஞாபகமே இல்லை. அன்று மத்தியானம் படகில் வந்த பால்காரர் அக்கரை சேரும்வரை தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, அதனால் வந்த மறதி என்று முடிவுகட்டினார். மிதவையைச் சரி பண்ணினார், பெட்ரோல் பீய்ச்சும் ஜெட்டுத் துளைகளை ஊதினார், மாட்டினார். ஓடியது.

புதன்கிழமைதான் உச்சம். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. அவுலிஸ் சந்தோஷத்தில் நேராக ராய்லி வீட்டுப் பக்கம் விட்டார். ஆக்சிலரேட்டரை விட்டபோதும் வேகம் குறையவில்லை. ஓடாமல் நிற்கும்போது என்ஜின் அணையாதிருக்க ஒரு திருகு உண்டு. அதை யாரோ மூச்சு முட்ட இறுக்கிவிட்ட மாதிரி என்ஜின் ஓலமிட்டது. ராய்லி தோட்டத்தில் நின்றிருந்தார். அவுலிஸ் கையசைத்துக்கொண்டே கடந்து போனார். திரும்பி வந்தார், மறுபடி கையசைத்தார். மூன்றாம் முறை ராய்லியும் பதிலுக்குக் கையசைத்தார். நாலாம் முறை அவுலிஸ் உருளைக்கிழங்குப் பாத்தியில் போய் விழுந்தார்.

ராய்லி கோபப்படவில்லை. உட்காரவைத்துக் காபியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தார். அவர் கட்டைவிரல் நகத்தில் கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது. நூலகத்து முத்திரை மை என்று அவுலிஸ் நினைத்துக்கொண்டார்.

“இப்ப நின்ன இடத்துல அணையாம இருக்குதா?” என்று ராய்லி கேட்டார்.

“அணையறதா? அடங்கவே மாட்டேங்குது.”

“ஓ,” என்று சொல்லிவிட்டு ராய்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவுலிஸ் பன்னைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். இந்தப் பெண்மணியின் நம்பிக்கையே போய்விட்டது என்று எண்ணிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார்.

வியாழக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று கொட்டகைக் கதவிலும் இன்னொரு துடைப்பத்தைச் சாய்த்துவைத்தார். வீட்டில் மட்டுமல்ல, கொட்டகையிலும் ஆளில்லை என்று ஊருக்கே தெரியட்டும், யாரும் வர மாட்டார்கள் என்ற கணக்கு.

திரும்பி வந்தபோது வண்டி செத்துக் கிடந்தது. கார்புரேட்டர் மட்டும் கல்யாண வெள்ளிப் பாத்திரமாக மின்னியது. திறந்தால் உள்ளே தண்ணீர். பைன் சோப்பு வாசனை வேறு. கம்பளம் துவைக்கிற சோப்பு பெட்ரோலுக்குள் எப்படி வரும்? பித்துப் பிடித்துவிட்டதோ என்று அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. அம்மா இருந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள்.

ஆனாலும் விட மனசில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்துக் காயவைத்தார். மிதவையை மட்டம் பார்த்தார். காற்றுத் திருகை, ஞாயிற்றுக்கிழமை வைத்த அதே இடத்தில் வைத்தார். வண்டி ஓடியது. ‘தினமும்தான் ஓடுது, விடிஞ்சா பாரு’ என்று அதனிடமே சொன்னார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்தார். வேலை செய்கிற உடம்பாக அது இல்லை. மத்தியானம் போதகர் சைக்கிளில் வந்தார். ஏன் வந்தார் என்று தெரியவில்லை. வாசலில் நின்று துடைப்பம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார், அவுலிஸைப் பார்த்தார்.

“மழை வரும் போல,” என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கோட்டுப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு அப்படியே சைக்கிளைத் திருப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவுலிஸ் ஜெபம் பண்ணிவிட்டுக் கிக்கரை உதைத்தார். ஒரே உதை. தும்மல் இல்லை, புகை இல்லை, ஓலம் இல்லை. ராய்லி வீட்டு வாசலில் நின்றபோதும் என்ஜின் சாதுவாகத் தடதடத்துக்கொண்டு காத்திருந்தது. ராய்லி புது ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்து, முதலில் சீட்டைப் பிடித்தார். வளைவு வந்ததும் அவுலிஸின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நேர்ப்பாதை வந்தும் விடவில்லை. அவுலிஸுக்கு இந்த ஜன்மத்துக்கு அது போதும் என்று இருந்தது.

மண்டபத்து வாசலில் அக்கார்டியன் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு அவுலிஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

“ஒரு வாரமா ஆட்டம் காட்டிச்சு. கடைசியில நான் ஒருத்தனே தனியா உக்காந்து சரி பண்ணினேன்.”

ராய்லி ஸ்கார்ஃபைச் சரி செய்துகொண்டார்.

டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் ஏவெர்ட்டின் மனைவி மார்த்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போனதும் குப்பென்று பைன் சோப்பு வாசனை அடித்தது. அவுலிஸ் அப்படியே நின்றுவிட்டார்.

மார்த்தா இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்:

“திங்கள் எங்க வீட்டுக்காரர், செவ்வாய் பால்காரர், புதன் இதோ நம்ம ராய்லி, வியாழன் நான்னு எல்லாரும் முறை வெச்சுத்தானே வந்து சரி பண்ணினோம், நேத்து மட்டும் ஏம்ப்பா துடைப்பத்தைச் சாத்தி வைக்கல? பாவம், போதகர் ஸ்க்ரூடிரைவரும் கையுமா வந்துட்டு சும்மா திரும்பிப் போனாரு.”