இடது பக்கம் கேட்காத ஹெட்போன்

“இடது பக்கம் கேக்கலைங்க” என்று மனைவி ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

வாங்கி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் அன்று தூக்கம் வராது. அந்த வியாதிதான் குடும்பத்துக்கே குழி பறித்தது. ஆறு மாதம் முன்பு மனைவி தன் அக்காவிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். “செவ்வாய் இல்ல, புதன்”, “மாமா இல்ல, சித்தப்பா” என்று இவர் நடுவில் புகுந்து திருத்திக்கொண்டே இருந்தார். அவள் கதையைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு அவர் பேச்சுக்குப் பாதி நேரம் பதில் கிடையாது. சமையலறை வாசலில் நின்று கேட்டால் பதில் வரும், சோபாவில் கேட்டால் வராது. மனைவியின் கோபத்துக்குக்கூட இடம் பொருள் ஏவல் தெரிந்திருந்தது.

ஒரு நாள் வீறாப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சோபாவின் இடது மூலையிலிருந்து, “தப்பு என் மேலதான், மன்னிச்சிடு” என்றார். வலது மூலை அவளுடையது. அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டிலிலும் அதே எல்லைதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஒரு ‘உம்’கூடக் கிடைக்கவில்லை. அவர் சத்தமில்லாமல் அழுதார்.

டிவியின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தன் குரல் காதில் விழக்கூடாது என்றுதான் அப்படி வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து சத்தம் போட்டதும், புதுச் செருப்புக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஹெட்போனோடு ஒரு சமாதானமும் கிடைத்தால் செருப்பு இல்லாமலே நடந்துவிடலாம்.

“விலை கம்மியா, ஆனா நல்லதா ஒண்ணு குடும்மா” என்று கேட்டிருந்தார்.

“ரெண்டும் ஒரே பெட்டியில வராது சார்” என்றாள் கடைப்பெண்.

இப்போது திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்ததும், கடைப்பெண் அதைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். “ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்குது.”

“என் மனைவி கேக்கலைன்னு சொன்னா கேக்கலதான்.”

இனி அவள் சொல்வதை எந்த ஜென்மத்திலும் திருத்துவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். தன் காதில் வைத்துப் பார்ப்பதுகூட அவளைச் சந்தேகப்படுவதாகும்.

“அப்போ இதை எடுத்துக்குங்க. டிவியில செருகற பின்னோட கழுத்துல தடிப்பா ரப்பர் இருக்கு, வயர் சீக்கிரம் அறாது. துணி சுத்தின வயர்.”

அதன் கூடுதல் விலைக்கு, மூக்குக்கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணம் கரைந்தது. வீட்டில் மனைவி அதை மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்தாள்.

“இதுலயும் இடது பக்கம் ஊமைங்க.”

அப்படியானால் டிவிதான் குற்றவாளி என்று மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் டிவியின் முதுகைக் கழற்றி, ஹெட்போன் செருகும் ஓட்டையைக் குடைந்தார். மூடியபோது டிவியின் சொந்த ஸ்பீக்கரும் செத்திருந்தது.

“இனிமே ஹெட்போன்லதான் கேக்கணும் சார்” என்றார், ஏதோ உபகாரம் செய்தவரைப் போல.

ஹெட்போனிலோ பாதிதான் கேட்டது. மாடி வீட்டுக்காரர் மட்டும் வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

கடைசியில் மனைவியையே கடைக்கு அழைத்துப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தவள் வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: “இப்பல்லாம் நீங்க எங்கூடப் பேசறதே இல்லை.”

குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். “எத்தனை தடவை மன்னிப்புக் கேக்கறது?” என்று முனகினார். இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு வழக்கம்போலப் பதில் இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். ஏன் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கடையில் அவர் குரல் உயர்ந்தது. “இருக்கறதுலயே நல்லதை எடும்மா! கடன் வாங்கியாவது குடுக்கறேன். இவளுக்கு ரெண்டு பக்கமும் கேக்கணும், அவ்வளவுதான்!”

கடைப்பெண் மனைவியின் தலையில் ஹெட்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டாள்.

“இடது பக்கம் கேக்கலைம்மா.”

கடைப்பெண் அதைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினாள். “இப்போ மேடம்?”

“இப்பவும் இடது பக்கம்தான் கேக்கல.”

கடைப்பெண் ஹெட்போனை மெதுவாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள்:

“சார், வீட்ல நீங்க மேடத்துக்கு எந்தப் பக்கம் உக்காந்து பேசுவீங்க?”