தொண்ணூற்றேழாம் பக்கம்

பட்டனை அமுக்கியாகிவிட்டது. கேமராவின் நெற்றியில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. தபால் குமாஸ்தா விழுந்தடித்து ஓடிவந்து, பின்வரிசையில் மீட்டர் ரீடருக்கும் கணக்கர் அம்மாவுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றார்.

பத்து எண்ணினார். இருபது எண்ணினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. படம் மட்டும் விழவில்லை.

"என்னப்பா, எடுத்தாச்சா?" முன்னால் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இப்ப எடுத்துடும் சார்."

"எடுத்துடுமா? எடுக்கறது நீயா, அதுவா?"

நியாயமான கேள்விதான். குமாஸ்தாவுக்கே பதில் தெரியாது.

குடிநீர் வாரியத்தின் அந்தக் கிளை அலுவலகத்துக்கு அன்று முக்கியமான நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு மேனேஜர் ஓய்வு பெறுகிறார். சுவரில் மாட்ட ஒரு குரூப் போட்டோ வேண்டும். வெளியிலிருந்து ஆளைக் கூப்பிடலாம் என்று மீட்டர் ரீடர் சொன்னபோது, "எதுக்கு? எங்கிட்டயே கேமரா இருக்கு" என்று குமாஸ்தா வாயை விட்டார். தன் வாயே தனக்குச் சத்துரு என்பது இவர் விஷயத்தில் பல தடவை ருசுவானது.

வாயை விட்டதற்குக் காரணம் இருந்தது. மேனேஜர் மேஜையில் ஒரு நீல ஃபைல் மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குமாஸ்தாவின் பதவி உயர்வு ஃபைல். அதில் ஒரு கையெழுத்து விழுந்தால், அவர் பிரிவு அதிகாரியாகி, மனைவி நர்ஸாக வேலை பார்க்கிற ஊருக்கே போய்விடலாம். பதினோரு வருஷமாக அவர் இங்கே உறைகளுக்குப் பசை தடவ, அவள் அங்கே ஊசி போட, இருவரும் ஞாயிற்றுக்கிழமை தம்பதியாகவே காலம் தள்ளியாயிற்று. "இந்த ஞாயிறு டூட்டி, வர வேணாங்க" என்று அவள் போனில் சொல்கிற வாரங்களில் குமாஸ்தாவுக்குச் சோறு இறங்காது.

"போட்டோ முடியட்டும், கையெழுத்துப் போடறேன்" என்று காலையில்தான் மேனேஜர் வாய் திறந்து சொல்லியிருந்தார்.

கேமரா, மைத்துனன் அனுப்பியது. சட்டைப் பையில் அடங்குகிற அளவுதான். ஆனால் கூட வந்த விளக்கப் புத்தகம் நூற்று முப்பத்தாறு பக்கம். அலுவலகத்தில் குமாஸ்தாவுக்குச் 'சட்டப்புத்தகம்' என்று பெயர். எந்த விஷயத்தையும் முதல் விதியிலிருந்து வரிசையாகப் படிக்காமல் தொட மாட்டார். பொருளடக்கத்தைப் பார்த்து நடுவில் குதிப்பது அவரைப் பொறுத்தவரை ஒழுக்கக் குறைவு. பத்து நாளாக, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்து, நாற்பத்திரண்டாம் பக்கம் வந்திருந்தார்.

மீதியைத் தன் அனுபவத்தைக் கொண்டு சமாளித்தார். கேமராவின் திரையில் சின்னச் சின்னப் படங்கள் வந்தன. தினமும் நூறு கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவருக்கு இது ஒரு பெரிய வித்தையா? மலை போட்டிருந்தால் சுற்றுலா. பூ போட்டிருந்தால் தோட்டக்கலை. ஓடுகிற மனிதன் விளையாட்டுத் துறை. பல்லைக் காட்டுகிற முகம், சந்தேகமே இல்லை, விழாக்கள். பிரிவு உபசாரம் விழாவில்தானே சேரும்? பல் முகத்தைத் தேர்ந்தெடுத்து, கேமராவை இரண்டு பெரிய பேரேடுகளின் மேல் ஏற்றி வைத்தார்.

அந்தக் கேமராதான் இப்போது விளக்கை மட்டும் எரித்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"சரி, சும்மா நிக்கற நேரத்துல ரெண்டு வார்த்தை பேசிடறேன்" என்றார் மேனேஜர். கேமராவைப் பார்த்தபடியே தொண்டையைச் செருமினார். "முப்பத்திநாலு வருஷம். இன்னையோட என் சர்வீஸ் முடியுது."

பளிச்!

"விழுந்துடுச்சு!" என்று குமாஸ்தா குதித்தார்.

"இரு, நான் பேசிட்டிருக்கேன். நாளைலேர்ந்து இந்தப் படியில நான் கால் வைக்கப் போறதில்ல."

பளிச்!

"யோவ்! பேச்சு நடுவுல எதுக்குய்யா கண்ணுல வெளிச்சம் அடிக்கற?"

"நான் அடிக்கல சார், அது..."

"அது அதுன்னு ஆள் மேல பழி போடற மாதிரி சொல்லாத. போய் வெளிச்சத்த நிறுத்து."

குமாஸ்தா ஓடினார். வெளிச்சத்தை நிறுத்தத் தெரியும், முப்பத்தெட்டாம் பக்கம். மின்னல் குறியை அமுக்கினார், ஒழிந்தது. கூடவே, அது படம் எடுப்பது மேனேஜருக்குத் தெரியக் கூடாது என்று சத்தத்தையும் அடக்க நினைத்தார். அது நாற்பத்தைந்தாம் பக்கம். இன்னும் படிக்கவில்லை. 'ஒலி 1, ஒலி 2, ஒலி 3' என்று திரையில் வந்தது. மூன்றாவது வாடிக்கையாகவே கடைசி, அதனால் குறைச்சலாகத்தான் இருக்கும் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்து நின்றார்.

மேனேஜர் தொடர்ந்தார். "உங்க எல்லாரையும் இனிமே தினமும் பார்க்க முடியாது." அவர் குரல் தழுதழுத்தது.

"லொள்!" என்றது கேமரா.

மீட்டர் ரீடர் அனிச்சையாகக் காலைத் தூக்கிக்கொண்டார். வீடு வீடாகப் போகிறவருக்கு அந்தச் சத்தத்தோடு பழைய பகை உண்டு.

"நாய் எங்கேர்ந்து வந்துது?" என்றார் மேனேஜர்.

"நாய் இல்ல சார். ஒலி மூணு."

"என்னது?"

"அது ஒரு வசதி சார்."

"யாருக்குய்யா வசதி?"

வாசலில் துடைப்பத்தோடு காத்திருந்த பெருக்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஐந்து மணிக்குள் கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போக வேண்டும்.

குமாஸ்தா மறுபடி ஓடப் பார்த்தார். கணக்கர் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க அத தொடத் தொட அது மோசமாத்தான் போவுது. பேசாம நில்லுங்க. சார் பேச்ச முடிக்கட்டும்" என்று கிசுகிசுத்தாள்.

"இனிமே யாரு என் மேஜையில ஃபைலை வெச்சுட்டு ஓடப்போறா?" என்று மேனேஜர் கேட்டார். "யாரு தலைவலின்னு சொல்லி லீவுக்கு வாசல்ல நிக்கப்போறா?"

"லொள்! லொள்!"

"ஒருத்தரும் இல்ல." இப்போது பின்னாலிருந்து பார்த்தால் மேனேஜரின் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. பதினெட்டு வருஷமாக அவரிடம் வசவு வாங்கிய கணக்கர் அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனுக்குள்ளே இவ்வளவு ஈரமா என்று குமாஸ்தா மூக்கை உறிஞ்சினார். "காலையில எழுந்தா குழாய் உடைஞ்சுதுன்னு போன் இல்ல. பில் தப்புன்னு சண்டை இல்ல. நீங்களும் இல்ல."

"லொள்! லொள்! லொள்! லொள்!"

"ஐயோ, அதுக்கு யாராவது ரொட்டி போடுங்களேன்!" என்று மேனேஜர் எழுந்துவிட்டார்.

இனிப் பொறுப்பதில்லை என்று கம்ப்யூட்டர் பெண் வரிசையை விட்டு வந்தாள். அலுவலகத்திலேயே இளையவள், கைச்சுறுசுறுப்பு அதிகம். விளக்கப் புத்தகத்தைக் குமாஸ்தாவின் மேஜையிலிருந்து எடுத்தாள்.

"அண்ணே, எந்தப் படத்த வெச்சீங்க?"

"பல்லு முகம். ஆனா நீ நாப்பத்திரண்டுலேர்ந்துதான்..."

அவள் பொருளடக்கத்தைப் பார்த்து, சரக்கென்று நடுவில் குதித்தாள். குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டார்.

"கிடைச்சுடுச்சு! தொண்ணூத்தேழாம் பக்கம்!" அவள் உற்சாகமாக உரக்கப் படித்தாள். "'இந்த வசதியில் நீங்கள் ஒருமுறை பட்டனை அமுக்கினால் போதும். அதன் பிறகு, எதிரில் இருப்பவர்களில் யாராவது சிரிக்கும்போதெல்லாம் கேமரா தானாகவே...'" குரல் கிணற்றுக்குள் போனது. "'...படம் எடுத்துக்கொள்ளும். மகிழ்ச்சியான தருணங்களைத் தவற விடாதீர்கள்.'"

கணக்கர் அம்மா அவசரமாகத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். பின்வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"நான் ரிட்டையர் ஆறேன்னு சொன்னப்ப ஒரு படம். இந்தப் படி மிதிக்க மாட்டேன்னப்ப ஒரு படம். உங்கள பார்க்க முடியாதுன்னு நான் நெஞ்சு உருகிச் சொல்றேன், நாய் குரைக்குது." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். "யாரு சிரிச்சது?"

இதில் வேடிக்கை என்னவென்றால், யாருக்கும் தான் சிரிக்கவில்லை என்று அடித்துச் சொல்லத் தைரியம் இல்லை. மேனேஜர் போகிறார் என்று உள்ளுக்குள் சர்க்கரை தின்னாத மனம் அந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருந்தது உதட்டுக்கு எப்போது வந்தது என்று யார் கண்டார்கள்?

"சிரிச்சது யாருன்னு தெரியற வரைக்கும்," என்றார் மேனேஜர், "என் மேஜையில இருக்கற ஒரு ஃபைல்லயும் கையெழுத்து விழாது. இப்ப மணி நாலே முக்கால். அஞ்சுக்கு நான் மேனேஜரே இல்ல. அப்புறம் உங்க பாடு, புதுசா வர்றவர் பாடு."

குமாஸ்தா மனசுக்குள் கணக்குப் போட்டார். புதிதாக வருகிறவர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிப்பார். இன்னும் ஒரு வருஷம். இன்னும் ஐம்பத்திரண்டு ஞாயிறு, அதிலும் பாதி டூட்டி. பேச்சு நடந்தபோது தான் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது ஞாபகம் வந்தது. சிரித்திருப்போம். கட்டாயம் சிரித்திருப்போம்.

"நான்தான் சார்" என்றார். "மன்னிச்சுடுங்க. உங்கள நினைச்சு இல்ல. வீட்டுக்காரிய நினைச்சு வந்திருக்கும். கையெழுத்த மட்டும்..."

"இல்ல சார், நானாத்தான் இருக்கும்" என்று மீட்டர் ரீடர் முன்னால் வந்தார். "பாவம், இவர் ஃபைலை நிறுத்திடாதீங்க."

"எனக்கும் ஒரு தடவை உதடு லேசா..." என்று கணக்கர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். "அழுதுட்டேதான் சார். ஆனா வந்துது."

"நல்லா இருக்கு!" மேனேஜர் கொதித்தார். "முப்பத்திநாலு வருஷத்துல ஒரு தப்புக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டதில்ல. இன்னைக்கு ஒரு தப்புக்கு மூணு பேர்! எனக்கு உங்க வாக்குமூலம் வேணாம். படத்தக் காட்டுங்க. படம் பொய் சொல்லாது."

எடுத்த படத்தைப் பார்ப்பது ஐம்பத்தொன்றாம் பக்கம். குமாஸ்தா குத்துமதிப்பாக ஒரு பட்டனை அமுக்கினார். 'அனைத்தையும் அழிக்கவா?' என்று கேமரா கேட்டது. அழித்துவிட்டால் சாட்சியே இல்லை. விரல் 'ஆம்' பக்கம் போனது. ஆனால் சாட்சி போனால் கையெழுத்தும் போகும். அந்த விரலைக் கம்ப்யூட்டர் பெண் தட்டிவிட்டு, கேமராவைப் பிடுங்கி, இரண்டு தட்டில் படத்தைக் கொண்டுவந்தாள்.

பார்த்தாள். அடுத்ததற்குப் போனாள். அதற்கும் அடுத்தது. ஒன்பது படமும் பார்த்து முடித்தவள் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "சார், இது வேணாமே" என்றாள்.

"ஏன் வேணாம்? அவங்கள காப்பாத்தறியா? யாரு பல்லக் காட்டினாங்கன்னு எல்லார் முன்னாலயும் உரக்கச் சொல்லு!"

"நான் சொல்ல மாட்டேன் சார்."

மேனேஜர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வரிசையில் நிற்காத ஒரே ஆள், வாசலில் துடைப்பத்தோடு நின்ற பெருக்கும் அம்மாதான். "நீ வாம்மா. உனக்கு இதுல வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது. பார்த்து, உள்ளத உள்ளபடி சொல்லு. சிரிச்சவங்களத் தவிர மத்தவங்க ஃபைல் எல்லாத்துலயும் இப்பவே, நின்ன நிலையில கையெழுத்துப் போடறேன்."

பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கேமராவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப எல்லா ஃபைலையும் எடுத்துட்டு வாங்கய்யா, போட்டுடலாம்" என்றாள். "ஒன்பது படத்துலயும் பின்னால நிக்கறவங்க எல்லாம் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறாங்க, வாயெல்லாம் பல்லா இருக்கறது நாற்காலியில உட்கார்ந்திருக்கற நீங்க ஒருத்தர்தான்!"