கந்தையர் வராத நாள்

ஒருமுறை நடந்த எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒரேயொருவர்தான் பிறந்திருக்கிறார். என் கெட்டகாலம், அவர் கொழும்பு வெள்ளவத்தையில், ஒபிசில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ‘இன்னொருக்கா அண்ணை’.

வீட்டுக்கதவைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அது பயந்தவர்களின் சந்தேகம். இவருடையது படித்த சந்தேகம். “இண்டைக்குத் தேத்தண்ணி திறம்” என்று நான் வாய் தவறிச் சொன்னால் போதும், திரும்பிப் பார்ப்பார்.

“ஒரு கோப்பையை வச்சு என்னெண்டு ஐசே சொல்லுறீர்? இன்னொருக்கா குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லும்.”

எங்கள் ஒபிஸ் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஒரு வங்கியோ ஆஸ்பத்திரியோ தன் வரிசையை மாற்ற நினைத்தால் எங்களிடம் வரும். நாங்கள் கொம்பியூட்டருக்குள் அதே மாதிரி ஒரு பொய் ஆஸ்பத்திரி கட்டி, பொய்ச் சனத்தை அதற்குள் விட்டு, எந்த ஏற்பாட்டில் சனம் குறைவாகக் காத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வோம். இதை என் மாமியாருக்கு ஒருநாள் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப பொய் சொல்லித்தான் சம்பளம் எடுக்கிறியள்” என்றார்.

அண்ணை கணக்குப் போடுகிறவர். நான் அந்தக் கணக்குக்குச் சிவப்பும் பச்சையும் பூசி அறிக்கை எழுதுகிறவன். பள்ளிக்கூடத்தில் என்னை வெளியே அனுப்பிக் களைத்து, கடைசியில் தானே வெளியே போய் நின்றவர் என் கணக்கு வாத்தியார். ஆகவே அண்ணையின் வித்தை எனக்குச் சோற்றுப் பார்சல் வழியாகத்தான் விளங்கியது.

ஒபிசுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, சந்தி தாண்டி இன்னொன்று. சந்திக்கடைதான் திறம் என்று நான் சத்தியம் பண்ணினேன்.

“ரெண்டையும் ஒரே நாளிலை சாப்பிட்டனீரோ?”

“இல்லை அண்ணை. நேற்று இது, முந்தாநாள் அது.”

“நேற்றைய பசியும் முந்தாநாள் பசியும் ஒண்டோ? ஒரே பசியிலை பாக்கவேணும், ஐசே.”

அடுத்தநாள் இரண்டு பார்சல்களையும் மேசையில் விரித்து, இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் என்று என்னைச் சாப்பிட வைத்தார். முதலில் வருகிற வாய்க்குப் பசி உதவி செய்துவிடுமாம். அதனால் நடுவில் முறை மாற்றி, அதில் ஒரு வாய், இதில் ஒரு வாய். ஒபிசே வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாள் எனக்கு வயிற்றால் போனது. அதையும் இரண்டு கடைக்கும் சமமாகப் பங்கிட்டார்.

“வித்தியாசம் தெரியுதோ?” என்றார் கடைசியில்.

“பெரிசா இல்லை அண்ணை.”

“அப்ப ரெண்டும் ஒண்டுதான். கிட்டக் கிடக்கிற கடையிலை வாங்கும்.”

இப்படிப்பட்ட ஆளிடம்தான் கொட்டாஞ்சேனைக் கிளினிக் வந்து சேர்ந்தது. அங்கே காலையில் நோயாளிகள் படிக்கட்டு வரைக்கும் நிற்பார்கள். உரிமையாளரான டொக்டர் ஐந்து ஏற்பாடுகளை யோசித்து வைத்திருந்தார். அண்ணை ஐந்தையும் சில தடவை ஓட்டினார். மோசமான மூன்றை உடனே கழற்றி எறிந்துவிட்டு, மிஞ்சிய இரண்டோடு மல்லுக்கட்டத் தொடங்கினார். ஒன்றில், கவுண்டரில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வழக்கம்போல நம்பர் கொடுப்பார். பழைய நோயாளிக்கும் புது நோயாளிக்கும் வேறு வேறு வரிசை. மற்றதில் பொத்தானை அமத்தினால் நம்பர் துப்புகிற மெஷின்; ஸ்டெல்லா அக்கா வீட்டில்.

தகவல் எடுக்கப் போன நாட்களில் எங்களுக்கு இஞ்சி போட்டுப் பிளேன்டீ தந்தவரே ஸ்டெல்லா அக்காதான். ஒருநாள் கோப்பையை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“தம்பி, மெஷின் வந்தா எனக்கு வேலை போயிருமா? மகன் இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கான். இந்த வயசுல எனக்கு யாரு வேலை குடுப்பா?”

ஒபிசுக்கு வந்ததும் அண்ணையின் மேசையைச் சுற்றிச்சுற்றி நடந்தேன்.

“அண்ணை, அக்காவின்ரை பக்கம் ஒரு சொட்டுச் சாய்க்கேலாதோ?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படிக் கழற்றினால் ஏச்சு விழப்போகிறது என்று அர்த்தம்.

“இண்டைக்கு நான் அவவுக்காகச் சாய்ச்சால், நாளைக்கு இன்னொருத்தன் அவவுக்கு எதிராச் சாய்ப்பான். அப்ப எந்த மூஞ்சியோடை போய்ச் சண்டை பிடிக்கிறது? ரெண்டுக்குள்ளையும் ஒரே சனத்தை விடுவம். ஒண்டுக்கு மழைநாள் சனம், மற்றதுக்குப் பௌர்ணமிப் போயா லீவுச் சனம் எண்டு விட்டால் அது போட்டியே இல்லை. சனம் ஒண்டு. பிறகு வாறது வரட்டும்.”

அந்தச் சனத்தில்தான் கந்தையர் இருந்தார்.

கொம்பியூட்டருக்கு ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் ஒரு பொய்ச் சனக்கூட்டம் வரும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே கூட்டம், அதே ஒழுங்கில், அச்சொட்டாக வரும். திரையில் எல்லோரும் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். முதலாவது கூட்டத்தில் கதவு திறக்க முன்னமே வந்து நின்று, கவுண்டரை நெடுநேரம் மறிக்கிற புள்ளிக்கு அண்ணை கந்தையர் என்று பேர் வைத்திருந்தார். “பாவம் மனுசன், விடியச் சாப்பிடாமல் வந்திருப்பார்” என்று திரையைப் பார்த்துச் சொல்வார். புள்ளிக்கு அனுதாபம், மனிதருக்கு இல்லை என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

முடிவு சொல்லுகிற நாள் வந்தது. ஸ்டெல்லா அக்கா பக்கத்து எண்களை அண்ணை முன்னமே தந்திருந்தார். அன்று காலை அவசரமாக மெஷின் ஏற்பாட்டை ஓட்டி எண்களை எனக்குத் தந்தவர் எங்கள் மனேஜர். நான் சித்திரம் கீறினேன். கிளினிக்கின் மேலறையில் அது திரையில் விழுந்தது. ஸ்டெல்லா அக்கா ஏற்பாட்டின் காத்திருப்பு நேரம் சிவப்புத் தென்னைமரம். மெஷினுடையது பச்சைக் கத்தரிக்கன்று.

“பிறகென்ன கதை? மெஷினைப் போடுவம்” என்றார் டொக்டர்.

வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து நின்ற ஸ்டெல்லா அக்காவுக்கும் அது கேட்டது.

மனேஜர் உற்சாகமாக மெஷின் ஏற்பாட்டைத் திரையில் ஓடவிட்டார். புள்ளிகள் உள்ளே வந்தன, போயின. அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார்.

“கந்தையர் எங்கை?”

“எந்தக் கந்தையர்? ஜம்பட்டா வீதிக் கந்தையரோ?” என்றார் டொக்டர். “அவர் போன கிழமையும் வந்தவர். சுகமாத்தானே இருக்கிறார்?”

“அவரில்லை டொக்டர். இவர் பொய்க் கந்தையர்.”

டொக்டர் அண்ணையின் கண்களை உற்றுப் பார்த்தார். பிறகு, ‘இது எவ்வளவு காலமாக இருக்கிறது?’ என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தார்.

அண்ணை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “கதவு திறக்க முதலே வந்து நிக்கிற மனுசன் வரேல்லை. அவருக்குப் பின்னாலை வாற குடும்பமும் இல்லை. இது வேறை சனம், டொக்டர். போயாச் சனம் மாதிரிக் குறைவாக் கிடக்குது.”

மனேஜர் முகத்தைத் துடைத்தார். அவசரத்தில் தொடக்க எண்ணைக் கொடுக்க மறந்துவிட்டார். கொம்பியூட்டர் தன் பாட்டில் ஒரு புதுக் கூட்டத்தைப் பிடித்து வந்திருக்கிறது. ஸ்டெல்லா அக்காவுக்கு நெரிசல் நாள், மெஷினுக்கு லீவு நாள். தென்னைமரமும் கத்தரிக்கன்றும் அப்படி முளைத்தவைதான்.

“இப்பவே திருப்பி ஓட்டுவம்” என்று அண்ணை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். “அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ டொக்டர். எவ்வளவு நேரம் குறைஞ்சால் அது உங்களுக்கு ஒரு பெரிய விசயம்?”

“முடிவைப் பாத்திட்டுச் சொல்லுறனே.”

“பாத்திட்டுச் சொன்னால் முடிவுக்கு ஏத்த மாதிரிச் சொல்லுவியள். இப்ப சொல்லுங்கோ.”

டொக்டர் யோசித்தார். “ஒரு பத்து நிமிசமாவது குறையவேணும். இல்லாட்டிச் சனத்துக்குத் தெரியாது.”

ஓட்டம் தொடங்கியது. கந்தையர் வந்தார். இரண்டு ஏற்பாட்டுக்குள்ளும் ஒரே கந்தையர், ஒரே சனம். பிறகு இன்னொரு சனம், இன்னொன்று. சிலதில் அக்கா முந்தினார், சிலதில் மெஷின். எனக்குப் பக்கத்துக் கதிரையில் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அக்கா இருந்தார். அவரை யாரும் எழும்பச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசியில் அண்ணை கதிரையைத் திருப்பினார்.

“மொத்தத்திலை மெஷின் ஒரு துளி முந்துது. மறைக்கேல்லை. ஆனால் நீங்கள் சொன்ன பத்து நிமிசத்துக்குக் கிட்டவும் போகேல்லை. இனியும் போகாது எண்டு சொல்லுற அளவுக்கு ஓட்டிப் பாத்தாச்சு. உங்களுக்கு ரெண்டும் ஒண்டு. வேறை எதையாவது பாத்து முடிவெடுங்கோ.”

டொக்டர் மனேஜரைப் பார்த்தார். “கரண்ட் போனால் மெஷின் என்ன செய்யும்?”

“நிண்டிடும், டொக்டர்.”

“அப்ப ஆர் நம்பர் குடுக்கிறது?”

மனேஜர் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தார்.

“அப்ப ஸ்டெல்லாவே இருக்கட்டும்” என்றார் டொக்டர். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, ஆறின தேத்தண்ணியை எல்லோருக்கும் கொடுத்தார். எல்லோரும் குடித்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “அண்ணை, மெஷின் உண்மையாவே வெண்டிருந்தால்?”

“வெண்டது எண்டு சொல்லியிருப்பன்.”

இவருக்கு நெஞ்சுக்குள்ளும் கல்குலேட்டர்தான் என்று எண்ணிக்கொண்டு நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

சில கிழமை கழித்து, ஹெவ்லொக் டவுனில் அவருடைய தங்கச்சி வீட்டில் ஒரு பிறந்தநாள். தங்கச்சி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேக் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“அந்த ஸ்டெல்லா எண்டுற மனுசி ஆர்? எங்கட பள்ளிக்கூட ஒபிசிலை அவவுக்கு ஒரு இடம் எடுத்துத் தரச்சொல்லி அண்ணா என்ரை உயிரை எடுத்தவர். பிரின்சிபலையும் விடேல்லை. கடைசியிலை அவரும் ஓம் எண்டு சொன்னவர்.”

“எப்ப அக்கா?”

“உங்கட கிளினிக் மீட்டிங்குக்கு முதல் கிழமை. ‘முடிவு எந்தப் பக்கமும் போகலாம்’ எண்டு சொன்னவர்.”

திரும்பிப் பார்த்தேன். அண்ணை ஒரு பலூனை ஊதிக்கொண்டு, எங்கள் கதை காதில் விழாத மாதிரிச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

இப்போது அவர் எங்களோடு இல்லை. வேறு கம்பனிக்குப் போய்விட்டார். எங்கள் ஒபிசிலோ, அறிக்கை எழுதுகிற மெஷின் ஒன்று வரப்போவதாகக் கதை. என்னையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வெளியிலிருந்து ஒருவரை அழைப்பார்களாம். என் எழுத்தைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. ஆனால் வருகிறவர் அண்ணையாக இருந்தால், நான் தோற்றாலும் பரவாயில்லை.