துறவையும் துறந்தவர்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த வடிகட்டிகளில் ஆகச் சிறந்தது தத்துவப் படிப்பு. யார் துறவியாகத் தக்கவர், யார் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர் என்பதை அது துல்லியமாகப் பிரித்துவிடும். செங்கம் சாலையில் ஒரு மடம், காவி கேட்டு வருவோரையெல்லாம் முதலில் இரண்டு வருடம் தத்துவம் படிக்க வைப்பது அதனால்தான்.

செழியனார் அந்த மடத்தின் தலைமாணாக்கர். கம்பெனி வேலை ‘மாயை’ என்று படிப்பின் முதல் மாதமே கண்டுபிடித்து, அதை விட்டுவிட்டவர். சம்பளம் என்ற மாயையை அவர் மனைவி ரேவதி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நின்றபடி தனியாகச் சமாளித்துவந்தார். விடியுமுன் எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவார். செழியனார் அதைச் சாப்பிட்டபடியே பற்றின்மை குறித்து ஆழ்ந்து சிந்திப்பார்.

மனைவி தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் காவி என்பது மடத்து விதி. டீக்கடையில் யாராவது ‘எப்போ காவி?’ என்று கேட்டால், “நாம ரெடிதாம்பா. வூட்ல விடணுமே” என்று செழியனார் பெருமூச்சு விடுவார். ரேவதி அழுது மறுப்பார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்போது ஆற்றவேண்டிய உரையை மனப்பாடமும் செய்துவைத்திருந்தார்.

‘துறவறத் தகுதி ஆய்வுக் குழு’ கூடியது. ரேவதி அரைமணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து நின்றார்.

“இவரு சந்நியாசம் வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமாம்மா?” என்றார் குழுத் தலைவர் ஆதிமூலம்.

“சம்மதங்க.”

செழியனார் மனப்பாடம் செய்த உரைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

“நல்லா யோசிச்சிச் சொல்லுங்கம்மா.”

“ரெண்டு வருஷமா அதத்தாங்க யோசிக்கிறேன். இன்னிக்கேன்னாலும் சரி.”

தாம்பாளத்தில் காவி வந்தது. விதிகளும் வாசிக்கப்பட்டன. ஒரு வேளைதான் சோறு, அதுவும் கையேந்தி வாங்கியது; வெறுந்தரையில் படுக்கை. செழியனார் தாம்பாளத்தை மெல்லத் தள்ளிவைத்தார். படித்த படிப்பு அப்போதுதான் கைகொடுத்தது.

“சாமி, ஒரு சந்தேகம். ‘நான்’னு ஒருத்தன் இருந்தாதானே துறக்க முடியும்? உள்ள நல்லா தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒருத்தன் இல்லவே இல்ல. அப்போ காவிய யாரு கட்டறது?”

குழுவுக்கு மெய்சிலிர்த்தது. “இவ்ளோ தெளிவு வந்தவருக்குக் காவியே ஜாஸ்தி” என்றார் ஆதிமூலம். ‘துறவுக்கும் மேற்பட்ட இல்லறத் துறவி’ என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, சால்வை போர்த்தி, அவரை ரேவதியிடமே பத்திரமாக ஒப்படைத்தார்கள்.

“அப்போ நான் சொன்ன சம்மதம்?” என்று கேட்டார் ரேவதி.

“அது உங்க பெரிய மனசும்மா” என்று எல்லோரும் கும்பிட்டார்கள்.

செழியனார் எதிர்பார்த்திருந்த அழுகை ரேவதிக்கு அப்போதுதான் வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது செழியனார் சால்வையை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்.

“நைட்டு இன்னா டிபன்?”

“யாருக்குங்க?”

மெய்ஞ்ஞானி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

“எனக்குத்தான். வேற யாருக்கு?”