பன்னிரண்டாம் நாற்காலி

சபைச் செயலாளர் ராஜமாணிக்கம் 2002-ஆம் ஆண்டு தாழ்மையை முறைப்படி நடத்திக் காட்டுவது என்று தீர்மானித்தார். ஈஸ்டர் முடிந்ததும் செயலாளர் தேர்தல். கலெக்டர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மிச்சமிருந்த ஒரே பதவி அது. அதுவும் போனால் வேங்கிக்காலில் அவருக்கு வணக்கம் சொல்ல ஆளில்லை.

இயேசு சீடர்களுக்குச் செய்ததைப் போல, பெரிய வியாழன் மாலை போதகர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். வழக்கமாக ஒரு வாளித் தண்ணீரோடு முடிகிற காரியம். இந்த முறை குஷன் நாற்காலி, சீரியல் லைட், வீடியோ. கழுவப்பட வேண்டிய கால்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவப்பட்டிருத்தல் வேண்டும் என்று செயலாளர் அறிவித்திருந்தார். கேனில் வந்த குடிதண்ணீர் முழுவதிலும் பன்னீர் கலக்கப்பட்டது.

நாற்காலிகள் சீனியாரிட்டிப்படி. முதலாவது பேதுருவுடையது என்பதால் அதில் செயலாளரே அமர்ந்தார். கடைசி நாற்காலி இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று யாரோ கிளப்பிவிட, அதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. பொருளாளரைக் கேட்டுப் பார்த்தார்கள். மனிதர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்குப் பௌர்ணமியும் சேர்ந்துகொண்டதில், கிரிவலக் கூட்டம் ஆலய வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த கன்னியம்மாள், வெறுங்காலோடு மலையைச் சுற்றிய களைப்பில், உள்ளே எட்டிப்பார்த்தாள்.

"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

ராஜமாணிக்கம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"தண்ணிதானேம்மா? ஜாஸ்தியாவே இருக்குது. இப்படி வந்து உக்காரு."

நாற்காலி நிரம்பியது.

போதகர் ஞானாபரணம் இடுப்பில் துண்டைக் கட்டி மண்டியிட்டார். பதினோரு பேரின் கால்களைக் கழுவியும் தாம்பாளத்தில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கன்னியம்மாளின் காலைத் தொட்டதும் செம்மண்ணாகக் கலங்கியது. சபையே கண் கலங்கியது. வீடியோக்காரர் நெருங்கி வந்தார்.

"ஐயோ, கால வுடுங்க சாமி. நான் குடிக்கத்தான் கேட்டேன்."

போதகரின் கை நின்றது. குடிதண்ணீர் எங்கே என்று செயலாளரைக் கேட்டார்.

"எல்லாத்துலயும் பன்னீர் ஊத்தியாச்சுங்க ஐயா. ஜெபம் முடியட்டும், பாத்துக்கலாம்."

"அந்தம்மாவுக்குத் தாகம் இப்பதானே எடுக்குது?"

துண்டோடு போதகர் வெளியே போனார். கன்னியம்மாளும் பின்னாலேயே போனாள். எதிர் டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி அவளுக்குக் கொடுத்தார். அதைப் பார்த்து வழியில் போன கூட்டமும் கை நீட்ட, அங்கேயே நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பதினோரு பேர் ஈரக்காலோடு ஆசீர்வாதத்துக்குக் காத்திருந்தார்கள்.

"சார், வெளிய போய் எடுக்கட்டுமா?" என்றார் வீடியோக்காரர்.

"அது ப்ரோகிராம்ல இல்லப்பா."

ராஜமாணிக்கமே எழுந்து, தாழ்மையின் மேன்மை குறித்துச் சற்று விரிவாகப் பேசி, ஜெபம் செய்து நிகழ்ச்சியை முடித்துவைத்தார். இப்படி ஒரு பெரிய வியாழனைப் பார்த்ததில்லை என்று பலரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு அவர் போட்டியின்றித் தேர்வானார். புதிய கமிட்டியின் முதல் தீர்மானம், ஆராதனையைப் பாதியில் விட்டு டீக்கடைக்குப் போன போதகரை உடனே மாற்றித் தர வேண்டும் என்பது. அன்று கண் கலங்கிய அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.