புறங்கை எலக்ட்ரீஷியன்

இர்பித் நகரத்தில் நான் திறந்து பார்க்காத ஸ்விட்ச் போர்டு கிடையாது. பதினெட்டு வருஷ சர்வீஸ். இல்லாதது ஒன்றே ஒன்று, லைசென்ஸ். புது வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமானால் லைசென்ஸ் உள்ளவன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கடை தவ்ஃபீக்கிடம் போய் நிற்பேன். என்னிடம் தொழில் கற்றவன். என்னைக் கால்கடுக்க நிற்க வைத்துவிட்டுத்தான் போடுவான். மானமே போயிற்று. இந்த வருஷம் பரீட்சையில் தேறியே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வரும். ஒரு தந்திரம் பண்ணினேன். என் மனைவி ருதைனா அரிசி அடைத்துச் சமைக்கக் குட்டிச் சுரைக்காய் குடைய உட்காரும்போது, எதிரே புத்தகத்தைக் கெட்டிலில் சாய்த்து வைத்து, "நீ வாசி, நான் கேக்கறேன்" என்று படுத்துக்கொண்டேன்.

"முதலில் மெயினை அணைக்கவும். பூட்டவும். டெஸ்டர் வைத்துப் பார்க்கவும். இதெல்லாம் செய்யறீங்களா, அபூ கைஸ்?" மகன் பேரை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு. நான் புறங்கையால தொட்டுப் பாப்பேன். சுர்ருன்னா கரண்ட் இருக்கு."

"அதான் மீசை எப்பவும் நட்டுக்கிட்டு நிக்குதா?"

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன். செய்முறைப் பரீட்சையில் பெட்டியைத் திறந்ததும் கை பழக்கத்தில் தானாகப் போயிற்று. சுர்.

"கரண்ட் இருக்கு சார்" என்றேன் பெருமையாக.

"லைசென்ஸ் இல்ல" என்றார் பரீட்சகர். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டில் உண்மையைச் சொல்ல முடியுமா? "பாஸ். கார்டு தபால்ல வரும்" என்றேன். ருதைனா கறிச்சோறு மக்லூபா ஆக்கித் தட்டில் கவிழ்த்தாள். தெருவுக்கே குனாஃபா இனிப்பு கொடுத்தாள். தவ்ஃபீக்கும் இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போனான்.

மூன்று மாதம் கழித்து, ஸர்காவில் ஒரு வேலை என்று புளுகிவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு நீல மேலங்கி. கையில் டெஸ்டர். திரும்பியது ருதைனா.

"ஸர்கா இங்கயா இருக்கு?"

"நீ எங்க இங்க?"

"பரீட்சைக்குத்தான். மூணு மாசமா பொம்பளைங்க பயிற்சி வகுப்புக்குப் போறேன். பகல்ல ஃப்யூஸ் போனா, வீட்டு ஆம்பளை வர்ற வரைக்கும் வேத்து ஆம்பளையை உள்ள விட முடியல. ஃப்ரிட்ஜ்ல கறி கெட்டுப் போகுது. தெருப் பொம்பளைங்கல்லாம் சேந்து என்னைத் தள்ளி விட்டாங்க. புத்தகம்தான் எனக்கு மனப்பாடமாச்சே, எழுத்துப் பரீட்சை அப்பவே பாஸ். அது சரி, நீங்க ஏன் வரிசையில நிக்கறீங்க? கார்டுதான் தபால்ல வந்துட்டிருக்கே?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. பாஸ் பண்ணின மனுஷன் எதுக்குப் புறங்கையை ஊதிக்கிட்டே வீட்டுக்கு வரணும்?"

அவள் மெயினை அணைத்தாள், பூட்டினாள், டெஸ்டர் வைத்தாள். பாஸ். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே என் பெட்டியைத் திறந்தேன். சுர்.

இரண்டு முறை தோற்றால் ஒரு விதி உண்டு. லைசென்ஸ் உள்ளவரிடம் ஆறு மாதம் உதவியாளாக வேலை பார்த்து, பதிவேட்டில் நற்சான்று வாங்கி வர வேண்டும். எனக்கு ஒரே குஷி. இனி தவ்ஃபீக் எதற்கு? வீட்டிலேயே லைசென்ஸ் இருக்கிறது. பெண்டாட்டிதானே, கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தருவாள்.

அன்றிலிருந்து விடிந்தால் போன் அடிக்கிறது. எல்லாம் பெண்கள், எல்லாம் ருதைனாவுக்கு. அவள் உள்ளே போய் வேலை பார்ப்பாள். நான் வேற்று ஆம்பளை, வாசலில் கருவிப் பெட்டியோடு நிற்பேன். உள்ளே அவளுக்குக் காப்பியும் பலகாரமும் சிரிப்பும். எனக்கு ஜன்னல் வழியாக ஒரு டம்ளர் தேநீர். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று ஆறு மாதம் முடிந்தது. பதிவேட்டை நீட்டினேன். மறுபேச்சில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஓடிப்போய் வெளிச்சத்தில் படித்தேன்.

"வேலை: நன்று. நடத்தை: பொய் சொல்கிறார். இன்னும் ஆறு மாதம் என்னிடமே இருக்கட்டும்."